விளைச்சல் திரும்பியது... மனசு ஏன் திரும்பவில்லை?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கக்கூடிய கடிதம் அல்ல அது. அதனால் தனிக் கட்டுரையாகவே எடுத்துக்கொண்டோம். கடிதத்தின் சாரம் இது:

“என் வீட்டுக்காரருக்கு வயது 47. ஐந்து ஏக்கர் நிலம். முந்தின வருஷம் கதிர் முற்றுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு சம்பா முழுவதும் சாய்ந்துவிட்டது. நகைக்கடன், சொசைட்டி கடன் என்று கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் இது ஆரம்பித்தது. ராத்திரி தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு பாதியாகிவிட்டது. பேச்சு இல்லை. நஷ்டப்பட்டவருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால், இந்த வருஷம் சம்பா நன்றாகவே கண்டது. கடனும் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. அவர் மட்டும் மாறவில்லை. மோட்டார் போடக்கூடப் போவதில்லை. அறுப்பைக்கூட நானும் மகனும்தான் நின்று பார்த்தோம். ‘எல்லாம் சோம்பேறித்தனம்’ என்கிறார் என் கொழுந்தனார். ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்கிறார் மாமியார். ‘டென்ஷன்தான், நாலு நாள் வெளியூர் போய்வந்தால் சரியாகிவிடும்’ என்கிறான் மகன். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூளையில் ஏதோ கெமிக்கல் குறைந்துவிட்டது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். இதில் யார் சொல்வது சரி? இது மூளைக் கோளாறா, மனக் கோளாறா? என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.”

நான்கு பேர், நான்கு காரணம். இதில் இரண்டுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். இது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறிக்கு வேலைதான் பிடிக்காது. சாப்பாடு பிடிக்கும், டீக்கடைப் பேச்சு பிடிக்கும், தூக்கம் ரொம்பவே பிடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கும் சோம்பேறியை யாரும் பார்த்திருக்க முடியாது. அடுத்து, மாமியார் கோயிலுக்குக் கூட்டிப்போக விரும்பினால் தாராளமாகக் கூட்டிப்போகட்டும். அதைக் காரணமாகச் சொல்லி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

மிச்சம் இருப்பது மகனும் டாக்டரும். ஒருவர் மனதையும் சூழ்நிலையையும் காரணம் காட்டுகிறார். இன்னொருவர் உடம்பைக் காரணம் காட்டுகிறார். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எழுபது வருடமாக விவாதித்துவரும் கேள்வியும் இதேதான்.

வருத்தம் வேறு, மனச்சோர்வு வேறு

பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை இரண்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது வருவது மன அழுத்தம். காரணம் விலகினால் அதுவும் விலகும். மனச்சோர்வு அப்படியல்ல. பெரும்பகுதி நேரம் மனம் கனத்துக் கிடப்பது அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். கூடவே தூக்கம், பசி, உடல் எடை ஆகியவற்றில் மாற்றம், அசதி, எதையும் தீர்மானிக்க முடியாமை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு என்று பலவும் சேரும். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் அதை நோய் என்றே மருத்துவம் கணக்கில் வைக்கிறது.

நம் ஊரில் யாரும் மருத்துவரிடம் போய், ‘மனம் சோர்ந்திருக்கிறது’ என்று சொல்வதில்லை. ‘உடம்பெல்லாம் அசதி, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு, தலை பாரம், வயித்துல என்னமோ பண்ணுது’ என்றுதான் சொல்கிறோம். ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறவர்கள் 20 பேரில் ஒருவர். அவர்களில் 85 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்கிறது அதே கணக்கெடுப்பு.

சர்ப்பகந்தா சொன்ன சேதி

‘மூளையில் கெமிக்கல் குறைவு’ என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. அதில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு.

சர்ப்பகந்தா வேரை ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கலாம் என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைச் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். ரத்தக்கொதிப்புக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனம் சோர்ந்துபோனதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ரெசர்பின், மூளையில் செரடோனின் போன்ற ரசாயனங்களின் இருப்பைக் கரைத்துவிடுகிறது என்பதும் தெரியவந்தது. அதே காலகட்டத்தில் நியூயார்க்கில் காசநோய்க்காக இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து சிரித்துப் பேசி ஆட ஆரம்பித்தார்கள். அந்த மருந்து இந்த ரசாயனங்களை மூளையில் கூட்டியது. ஒன்று குறைத்தால் சோர்வு, கூட்டினால் தெம்பு. ‘அப்படியானால் மனச்சோர்வு என்பதே இந்த ரசாயனக் குறைபாடுதான்’ என்ற கருத்து 1960-களில் வேரூன்றியது. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் ஃபுளுவாக்ஸடின் போன்ற மாத்திரைகள் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால், கணக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. ரெசர்பின் குறிப்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், உண்மையான மனச்சோர்வு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றும், அவர்களிலும் பலர் முன்பே அந்த நோயைக் கண்டவர்கள் என்றும் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே செரடோனினில் மாற்றம் வந்துவிடுகிறது. மனம் தேறுவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகிறது. குறைந்ததை நிரப்புவதுதான் வேலை என்றால் ஏன் இந்தத் தாமதம்? 2022-ல் வெளியான ஒரு பெரிய மீளாய்வு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரடோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் மாத்திரையே ஏமாற்றா? இல்லை. தண்ணீர் தேங்கி மஞ்சள் பூத்த பயிருக்கு யூரியா கரைசலை இலைவழியாகத் தெளிக்கிறோம். பயிர் தேறுகிறது. மண்ணில் யூரியா இல்லாததா அங்கே நோய்? வேர் மூச்சுவிட முடியாமல் போனதுதான் நோய். தெளித்த யூரியா, பயிர் தாக்குப்பிடிக்க உதவியது. மாத்திரையும் பலருக்கு, குறிப்பாகக் கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு, பலன் தருகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சொல்லப்பட்ட பழைய விளக்கம்தான் போதவில்லை. டவுன் டாக்டர் கொடுத்த மருந்து சரியாக இருக்கலாம். ‘கெமிக்கல் குறைவு’ என்று அவர் சொன்னதை, நோயாளிக்குப் புரிவதற்காகச் சொன்ன சுருக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சார்ந்த காரணங்கள் அத்தோடு முடிவதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நெருக்கடி நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. காலையில் கூடி, இரவில் அடங்க வேண்டியது இது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு இது அடங்குவதே இல்லை. நீண்ட நாள் நெருக்கடிக்கு ஆளாக்கப்பட்ட எலிகளின் மூளையில், ஞாபகத்துக்கு உதவும் பகுதியில், நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கிப்போகின்றன. நெருக்கடியை விலக்கினால் அவை மெல்ல மறுபடி துளிர்க்கின்றன. உடம்பின் நோய் எதிர்ப்பு வேலையும் இதில் சேர்கிறது. கல்லீரல் தொற்றுக்காக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. அவர்களுக்குக் கடனும் இல்லை, பயிரும் சாயவில்லை. உடம்பிலிருந்து மட்டுமே இந்த நோய் கிளம்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

நாய்கள் ஏன் தடுப்பைத் தாண்டவில்லை?

இப்போது மகன் சொன்ன பக்கத்துக்கு வருவோம்.

1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்றைக்கு இப்படிச் செய்ய அனுமதி கிடைப்பது கஷ்டம். படிக்கவே சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு பிரிவு நாய்களுக்கு மின்னதிர்ச்சி வரும். பலகையைத் தலையால் தள்ளினால் அது நின்றுவிடும். இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால், அவை என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள் எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்பு உள்ள பெட்டிக்குள் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் போதும், அதிர்ச்சி இல்லை. முதல் பிரிவு நாய்கள் தாண்டிக் குதித்தன. இரண்டாம் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் தாண்டவே இல்லை. முனகிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டன.

வாசகியின் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. அந்த நாய்களுக்கு முன்னால் இருந்த வழி திறந்துதான் இருந்தது. நேற்றைய துன்பம் இன்று இல்லை. ஆனாலும் அவை எழவில்லை. ‘என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன’ என்று விளக்கம் சொன்னார்கள். மனச்சோர்வுக்கான உளவியல் விளக்கங்களில் இது மிகவும் புகழ்பெற்றது. வியர்வை சிந்தி, கடைசி வாரத்தில் வந்த மழையில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவரிடம் போய் ‘இந்த வருஷம்தான் நன்றாக விளைந்துவிட்டதே’ என்றால் அது அவர் காதில் ஏன் ஏறுவதில்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கதை அங்கே முடியவில்லை. மூளை நரம்புகளை ஆராய்ந்த மையர், ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல் செலிக்மனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் பழைய விளக்கம் தலைகீழாக இருந்தது என்று இருவரும் அதில் சொன்னார்கள். துன்பம் நீண்டுகொண்டே போனால் சுருண்டு படுத்துவிடுவது மூளையின் பிறவிக் குணம். அதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. மூளைத் தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம் அதைத் தானாகச் செய்துவிடுகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது, ‘நான் செய்தால் நடக்கும்’ என்பதைத்தான். அது பழகிய பிறகு நெற்றிப்பக்க மூளை கீழே உள்ள அந்தக் கூட்டத்தை அடக்கிவைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சுருண்டு படுக்கவைக்கும் அந்த நரம்புக் கூட்டம் செரடோனினைச் சுரக்கும் கூட்டம்தான். அந்த நேரத்தில் அங்கே அது குறைவதில்லை, மிதமிஞ்சிப் பாய்கிறது.

மூளையா, மனமா என்ற கேள்வி இங்கே கரைந்துபோகிறது. பட்ட அனுபவம் மூளையை மாற்றுகிறது. புதிய அனுபவம் மறுபடி மாற்றுகிறது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மட்டுமல்ல, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் மூளைப் படத்தில் மாற்றம் தெரிகிறது.

அந்த நாய்களை எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? கறித்துண்டைக் காட்டினார்கள், வரவில்லை. மற்ற நாய் தாண்டுவதைக் காட்டினார்கள், வரவில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தடுப்பைத் தாண்டித் திரும்பத் திரும்ப நடத்திச் சென்றார்கள். அதற்குப் பிறகுதான் அவை தாமாகத் தாண்டின. ‘செய்தால் நடக்கும்’ என்பது சொல்லிப் புரிவதில்லை, செய்துதான் புரிகிறது.

இன்னும் இரண்டு உளவியல் விளக்கங்களைச் சொல்ல வேண்டும். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில், மனச்சோர்வில் இருப்பவர்களின் எண்ணம் மூன்று தடத்தில் ஓடுவதைக் கவனித்தார்: நான் மோசம், உலகம் மோசம், இனி வருவதும் மோசம். ‘மழை வந்து பயிர் போச்சு’ என்பது ‘நான் தொட்டது எதுவும் விளங்காது’ என்று மாறிவிடும். அந்த எண்ணத்தை உண்மையா என்று உரசிப் பார்க்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சை. இரண்டாவது, லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றி ஜார்ஜ் பிரௌன், டிர்ரில் ஹாரிஸ் இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு. கடுமையான இழப்பைச் சந்தித்த பெண்களில், மனம்விட்டுப் பேச நெருங்கிய ஒருவர்கூட இல்லாதவர்களுக்கே மனச்சோர்வு அதிகம் வந்திருந்தது. நம் ஊர் ஆண்களை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பயிருக்கு வந்த நோயைப் பற்றி நாலு பேரிடம் கேட்பார்கள். தனக்கு வந்ததைப் பற்றிப் பெண்டாட்டியிடமும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடனும் மழையும் எந்தக் கணக்கில் வரும்?

எல்லாவற்றையும் தனி மனிதனின் மூளையிலும் எண்ணத்திலும் போட்டுவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஒரு ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாத நாளிலும், வெட்டு முடிந்து பணம் வந்த பிறகும் சோதித்தார்கள். கட்டிங் ஆர்டர் ஆளுக்கொரு மாதம் வருவதால், இது பருவகால மாற்றம் இல்லை என்பதையும் சரிபார்க்க முடிந்தது. பணம் இல்லாத நாளில் அதே ஆளின் யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. அது மனச்சோர்வை அளந்த ஆய்வு அல்ல. ஆனால், பணக்கவலை மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அவர்கள் நம் கரும்புக்காட்டிலிருந்து சாட்சி எடுத்தார்கள்.

இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம், அந்தப் பகுதிகளில் தற்கொலைகளைச் சுமார் 18 சதவிகிதம் குறைத்தது என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மழை பொய்த்த இடங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பயிர்க்காப்பீட்டுப் பணம் இரண்டு வருடம் இழுத்தடித்து வருவதை வெறும் நிர்வாகத் தாமதம் என்று கணக்கெழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் வாசகியின் வீட்டில் பணம் வந்துவிட்டது. பிறகும் ஏன்? நெருப்பு வைத்த கை விலகிவிட்டாலும் வைக்கோல் போர் எரிந்துகொண்டுதான் இருக்கும். தூக்கம் கெடுவதால் அசதி. அசதியால் வயலுக்குப் போவதில்லை. போகாததால் ‘நான் எதற்கும் ஆகாதவன்’ என்ற எண்ணம். அந்த எண்ணத்தால் தூக்கம் கெடுகிறது. தொடங்கிவைத்த காரணம் போன பிறகும் இந்தச் சுழல் தானாக ஓடும்.

சகோதரிக்கு நாம் சொல்வது

முதலில் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால், ரத்தசோகை இருந்தால், வைட்டமின் பி12 குறைந்தால் இதே அறிகுறிகள் வரும். சர்க்கரையும் பார்க்க வேண்டும். வேறு நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப்போங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவுகடந்த உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு சில நாள் இருந்தாரா என்று யோசித்து, இருந்தால் தவறாமல் சொல்லுங்கள். அது வேறு வகை நோய், மாத்திரையும் வேறு.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘வயலுக்குப் போ’ என்று துரத்தாதீர்கள். ஐந்து ஏக்கரும் இப்போது அவருக்கு மலை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, மாலையில் உங்களோடு மோட்டார் கொட்டகை வரை நடப்பது என்று ஒன்றிரண்டு சிறு வேலைகள். மனம் வந்த பிறகு செய்வதல்ல. செய்யச் செய்யத்தான் மனம் வரும். தினமும் அதே நேரம், கூட ஒருவர், முடிந்ததும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. போதும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே இந்த முறையில் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து ஆலோசனை சொன்னார்கள். மூன்று மாதத்தில் 64 சதவிகிதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவிகிதம். விக்ரம் படேல் குழுவினரின் இந்த ஆய்வு 2017-ல் வெளியானது.

விவசாயிகள் தற்கொலைக்காகச் செய்திகளில் அடிபடும் விதர்பாவில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் ‘விஷ்ராம்’ என்ற திட்டத்தை நடத்தினார்கள். ஊர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் பேசினார்கள். ஆலோசகர்கள் கிராமத்துக்கே வந்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மனநல மருத்துவர். மனச்சோர்வு உள்ளவர்களில் உதவி தேடியவர்கள் 4.3 சதவிகிதத்திலிருந்து 27.2 சதவிகிதமாக உயர்ந்தார்கள். தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னவர்கள் 5.2-லிருந்து 2.5 சதவிகிதமாகக் குறைந்தார்கள்.

ஒரு விஷயத்தை நேராகவே சொல்கிறோம். ‘செத்துப்போகலாம் போல இருக்கிறதா?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும், கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி எதையும் வீட்டில் வைக்காதீர்கள். பூட்டிய பெட்டியில் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ‘சினேகா’ அமைப்பினர் ஊருக்குப் பொதுவான கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து விவசாயிகளின் மருந்துகளைப் பாதுகாத்தார்கள். விவசாயிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தைத் தள்ளிப்போட முடிந்தால் உயிர் பிழைக்கும். மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்), 104 ஆகிய எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

*இந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோமா?*

மனச்சோர்வு மாத்திரைகள் போதை தருபவை அல்ல. நாளாக ஆக அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கமும் வராது. ஆனால், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும். அதனால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம். முதல் இரண்டு வாரம் குமட்டல், படபடப்பு இருக்கலாம். பலன் தெரியும் முன்பே பலர் நிறுத்திவிடுவது இதனால்தான். இளவயதினர் என்றால் இந்தச் சமயத்தில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள்தான் பழக்கமாகிவிடக்கூடியவை. சீட்டில் எது எது என்று மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*என் அப்பாவுக்கு இது இருந்தது. எனக்கும் வருமா?*

வந்தே தீரும் என்றில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 37 சதவிகிதம் அளவுக்குத்தான் பரம்பரை விளக்குகிறது. மிச்சம் வாழ்க்கைச் சூழல். ஒரு குறிப்பிட்ட மரபணுதான் காரணம் என்றும் இல்லை. நூற்றுக்கணக்கானவை ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்கின்றன. தூக்கம் தொடர்ந்து கெடும்போதே உஷாராகிவிடுவது நல்லது.

*இருபது வருடமாகக் கூலிக்கு மருந்தடிக்கிறேன். அதனால் மனச்சோர்வு வருமா?*

அமெரிக்காவில் கொலராடோ, அயோவா, வட கரோலினா மாநிலங்களின் விவசாயிகளிடம் செய்த ஆய்வுகளில், பூச்சிமருந்து நஞ்சேறிய அனுபவம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் ரசாயனத்தைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை. அதனால் இந்தத் தொடர்பு வியப்பில்லை. மருந்துதான் காரணம் என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போகும்போது தொழிலைச் சொல்லுங்கள். நஞ்சேறிய அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். கையுறை, முகக்கவசத்தை நிலத்துக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

*ராத்திரி கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. தவறா?*

குடித்ததும் கண் அசரும். நடுராத்திரிக்கு மேல் தூக்கத்தைக் கலைப்பதும் அதுவேதான். மனச்சோர்வை மது ஆழப்படுத்தும், மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. தினமும் குடிக்கிறவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தினாலும் நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

*என் தம்பி போன மாதம் தவறான முடிவெடுக்கப் பார்த்தான். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து டாக்டரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமா?*

சொல்லலாம், சொல்ல வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவின்படி, அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருத வேண்டும். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால் தாமதிக்காமல் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை தேவைப்படலாம்.